இணைய மிரட்டல்: வீடு கேரளத்தில், படிப்பு கோவையில், புகாரை எங்கே கொடுப்பது?

கொழிஞ்சாம்பாறை தாய்மாமன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் தென்னையும் நான்கு கறவை மாடுகளும் வைத்துப் பிழைக்கிறவன் நான். சட்டம் படித்தவன் அல்லன். என் அக்காள் மகனுக்காக இதைக் கேட்கிறேன். அவனுக்குத் தகப்பன் இல்லாததால் நல்லது கெட்டதற்கு நான்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

பையனுக்கு 21 வயது. வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் தினமும் கோயம்புத்தூர் போய்ப் படித்து வருகிறான். போன வாரம் பால் சொசைட்டியில் பணம் பட்டுவாடா ஆன அன்று மாலை என்னிடம் வந்து, "மாமா, எனக்கு ஐயாயிரம் வேண்டும், எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்" என்றான். அப்படிக் கேட்கிற பிள்ளை அவன் அல்லன். அன்று இரவு சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தான். அது அதிரும் ஒவ்வொரு முறையும் கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துக் கேட்டேன்.

ஃபேஸ்புக்கில் ஒரு பெண்ணின் பெயரில் நட்பு அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு நாள் பேச்சு, பிறகு வாட்ஸ்அப் எண், பிறகு இரவு பதினொரு மணிக்கு வீடியோ அழைப்பு. மறுமுனையில் பெண் பேசுவதாக நம்பி இவனும் அறிவு கெட்டுப் போயிருக்கிறான். அழைப்பு முழுதாக ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை என்கிறான். பத்து நிமிடத்தில் இவன் முகமும் உடம்பும் தெரியும் வீடியோ இவனுக்கே வந்தது. கூடவே இவனுடைய ஃபேஸ்புக் நண்பர் பட்டியலின் படமும் வந்தது. அதில் இவனுடைய சித்தி, கல்லூரி ஆசிரியர் ஒருவர், நான் எல்லாரும் இருக்கிறோம். 25,000 ரூபாய் கேட்டார்கள். பயந்து போய் முதலில் 3,000, பிறகு 5,000 என்று யுபிஐ மூலம் அனுப்பிவிட்டான். மறுநாள் காலையில் காக்கிச் சட்டைப் படம் வைத்த இன்னொரு எண்ணிலிருந்து ஒருவன், "டில்லி சைபர் போலீஸ் பேசுகிறேன், அந்தப் பெண் தற்கொலைக்கு முயன்றிருக்கிறாள், உன் வீடியோ யூடியூபில் ஏறப்போகிறது, நிறுத்த வேண்டுமானால் 40,000 கட்டு" என்று இந்தியில் மிரட்டியிருக்கிறான். என்னிடம் கேட்ட ஐயாயிரம் அதற்கு முன்பணம்.

என் கேள்விகள் இவை. இவன் செய்ததும் குற்றமாகிவிடுமா? மிரட்டுகிறவனுக்கு என்ன தண்டனை? ஆண்பிள்ளை கொடுக்கும் இப்படிப்பட்ட புகாரை எடுத்துக்கொள்வார்களா? நாங்கள் இருப்பது கேரளம், அவன் படிப்பதும் வங்கிக் கணக்கு வைத்திருப்பதும் தமிழ்நாடு, மிரட்டுகிறவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. அப்படியானால் எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது? எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நிலையத்தில் விசாரித்தபோது "உங்கள் ஊரில் கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவன் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் சமயம் என்பதால், விஷயம் பத்திரிகையில் வந்துவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

வேலந்தாவளம் வாசி:

ஐயா, மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நான் சொல்வதைக் கேளுங்கள். போலீஸ், கோர்ட்டு என்று போனால் இல்லாத பெயரும் ஊருக்குள் வந்து சேரும். இருப்பதைக் கொடுத்து, வீடியோவை அழிக்கச் சொல்லி, பையனின் சிம் கார்டை உடைத்துப் போட்டு, போனைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புது நம்பர் வாங்கிக் கொடுங்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு இப்படி நடந்து, 18,000 கொடுத்ததோடு முடிந்துபோனது.

பாலக்காட்டு வக்கீல்:

வேலந்தாவளம் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொன்ன மூன்றையும் செய்யாதீர்கள். பணம் கொடுத்தால் வீடியோ அழிவதில்லை, கொடுக்கக்கூடியவன் என்று உங்கள் பெயர் அவர்கள் பட்டியலில் ஏறுகிறது, அவ்வளவுதான். உங்கள் மருமகன் விஷயத்திலேயே பாருங்கள்: 8,000 கொடுத்த மறுநாள்தான் போலீஸ் வேடத்தில் இரண்டாவது ஆள் வந்தான். சிம்மை உடைப்பதும் போனை அழிப்பதும் அதைவிட மோசம். நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் போன்தான்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அச்சுறுத்திப் பணம் பறிப்பதை அதன் 308ஆம் பிரிவு பேசுகிறது. பணம் கைமாறிவிட்டால் 308இன் இரண்டாம் உட்பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய சட்டத்தில் இது மூன்று ஆண்டாகத்தான் இருந்தது. ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை என்றாலும், பணம் பறிக்கும் நோக்கத்தோடு பயமுறுத்தியதே மூன்றாம் உட்பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "பணம் கொடுத்தால்தானே வழக்கு நிற்கும்" என்று நினைத்து, சாட்சிக்காகவே கொஞ்சம் அனுப்பிப் பார்த்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்தத் தியாகம் தேவையே இல்லை.

இதோடு 351ஆம் பிரிவான குற்ற மிரட்டலும் சேரும். அதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டு வரை சிறை. ஆளையோ இருப்பிடத்தையோ மறைத்துக்கொண்டு மிரட்டினால் அதன் நான்காம் உட்பிரிவு மேலும் இரண்டு ஆண்டு வரை கூட்டுகிறது. போலீஸ்காரனாக நடித்தவனுக்கு 204ஆம் பிரிவு: ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இல் 66-இ பிரிவு, ஒருவருடைய அந்தரங்க உறுப்பின் படத்தை அவர் சம்மதமில்லாமல் எடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிப்படையான பாலியல் செயலைக் காட்டும் வீடியோவை யாருக்காவது அனுப்பினால் 67-ஏ வரும். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து இலட்சம் வரை அபராதமும் உண்டு. 66-டி என்பது கணினி, போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. மூன்று ஆண்டு, ஒரு இலட்சம்.

ஆண்பிள்ளை என்ற தயக்கத்தை விடுங்கள். நான் மேலே சொன்ன பிரிவுகளில் ஒன்றுகூடப் பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மறைந்திருந்து படமெடுத்தல், பின்தொடர்தல் ஆகிய 77, 78ஆம் பிரிவுகள் மட்டுமே பெண்களுக்கு உரியவை. அவை இல்லாமலே உங்கள் வழக்கு நிற்கும். பையன் குற்றவாளியா என்று கேட்டீர்கள். வயது வந்த ஒருவர் தன் அறைக்குள் ஏமாந்து போனதற்காக, புகார் கொடுக்க வந்தவர்மேல் வழக்குப் போட்டதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. காவல் நிலையத்தில் ஓர் அறிவுரை கிடைக்கலாம். அதைத் தலைகுனிந்து கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் நடந்ததில் பாதியை மறைத்துப் புகார் எழுதாதீர்கள். "தவறான எண்ணிலிருந்து அழைப்பு வந்தது" என்று பூசி மெழுகி எழுதியவர்கள் பிறகு சாட்சிக் கூண்டில் தடுமாறுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

எந்த நிலையம் என்பது எல்லையோரத்தில் எல்லாரையும் குழப்பும் கேள்வி. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று பாராமல் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. இதைத்தான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று சொல்கிறோம்; பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் தகவல் கொடுத்தாலும் செல்லும். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையொப்பமிட வேண்டும். அதே சட்டத்தின் 202ஆம் பிரிவின்படி, மின்னணுச் செய்தி மூலம் செய்த ஏமாற்றுக் குற்றத்தை அது அனுப்பப்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம், வந்து சேர்ந்த இடத்திலும் விசாரிக்கலாம். உங்கள் மருமகனுக்கு அழைப்பு வந்தது வீட்டில் என்பதால், அலைச்சலைக் குறைக்கப் பாலக்காட்டில் இருக்கும் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கே போங்கள் என்பது என் யோசனை. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய முடியும், அதனால் உள்ளூர் நிலையத்தில் "இங்கே சி.ஐ. (சர்க்கிள் இன்ஸ்பெக்டர்) இல்லை" என்று சொன்னால், அது விசாரணைக்குப் பொருந்தும் பதிலே தவிர, புகாரை வாங்க மறுப்பதற்குப் பொருந்தாது.

மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். நேரடியாகக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவாக உள்ள குற்றங்களில் மட்டும், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு பதினான்கு நாள் முதல்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. 308(2)க்கு அதிகபட்சம் முழுதாக ஏழு ஆண்டு என்பதால் அது இந்தச் சலுகைக்குள் வராது என்பது என் வாதம்.

பத்திரிகை பற்றிய கவலைக்கும் பதில் இருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றச் சொன்னபோதே, பாலியல் குற்றம் போன்ற நுண்ணுணர்வுள்ள வழக்குகளுக்கு விலக்கு அளித்தது. உங்கள் புகாரின் கடைசிப் பத்தியில், இந்த அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வீடியோவை அனுப்பவே மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நான் பார்த்த வரையில் பதிலே வராத ஆளை இரண்டு மூன்று நாளில் விட்டுவிட்டு அடுத்தவனைத் தேடுகிறார்கள். சிலர் ஆத்திரத்தில் ஒருவர் இருவருக்கு அனுப்பியும் இருக்கிறார்கள். அப்படி வந்தால் வாங்கியவர் அழிக்காமல் வைத்திருக்கட்டும், யாருக்கும் அனுப்பாமலும் இருக்கட்டும். அது 67-ஏ பிரிவுக்கு நேரடிச் சாட்சி.

அக்ஷயா மையத்துக்காரி:

வணக்கம் அண்ணா. நான் சித்தூர் பக்கம் ஓர் அக்ஷயா மையத்தில், அதாவது கேரள அரசின் இணையச் சேவை மையத்தில், வேலை பார்க்கிறேன். ரேஷன் கார்டுக்கும் வருமானச் சான்றுக்கும் வருகிற கூட்டம் குறைந்த பிறகு, கடை சாத்தும் நேரமாகப் பார்த்து இப்படிப்பட்ட விஷயத்துக்கு ஒருவர் இருவர் வருவார்கள். பெரும்பாலும் ஆண்கள், வாசலில் நின்று யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவர்களுக்காகவே கணினித் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். வக்கீல் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் கை வேலையைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் போய்விட்டதை வங்கிகளுக்குத் தெரிவித்து, அது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்குவதற்கான தேசிய உதவி எண் அது. அழைக்கும்போது தம்பி கையில் யுபிஐ பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, தன் வங்கியின் பெயர் ஆகியவை எழுதி இருக்க வேண்டும். தேடிக்கொண்டே பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம். முகவரி சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். போன் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போய்ப் பதியலாம். முடிவில் ஓர் ஒப்புகை எண் வரும், அதைக் குறித்துக்கொண்டால் பிறகு நிலவரம் பார்க்கலாம். ஊரை எழுதும்போது வெறுமனே சித்தூர் என்று விட்டுவிடாமல் பாலக்காடு மாவட்டம் என்று சேர்த்து எழுதுங்கள். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது. போனில் பேசும்போது ஒருமுறை என் வாடிக்கையாளர் புகார் அங்கே போகப் பார்த்தது!

சாட்சி சேகரிப்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஃபேஸ்புக்கில் அந்தப் பெண்ணின் பெயரையும் படத்தையும் மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வருவார்கள். பெயரை அவன் அடுத்த நிமிடமே மாற்றிவிடுவான். அந்தப் பக்கத்தின் முழு இணைப்பு முகவரியை நகல் எடுத்து வையுங்கள். அது எளிதில் மாறாது. வாட்ஸ்அப்பில் நாட்டுக் குறியீட்டோடு முழு எண் தெரியும்படி, தேதியும் நேரமும் விழும்படி, உரையாடலை மேலிருந்து கீழ் வரை எடுங்கள். தானாக மறையும் செய்தியாக இருந்தால் இன்னொரு போனால் படம் பிடியுங்கள். இத்தனையும் எடுத்த பிறகுதான் அந்த எண்ணை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்ய வேண்டும். முதலிலேயே பிளாக் செய்து உரையாடலையும் அழித்துவிட்டு வந்து "எல்லாம் போய்விட்டது அக்கா" என்று நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஃபேஸ்புக் நண்பர் பட்டியலை இன்றே மற்றவர்கள் பார்க்க முடியாதபடி மாற்றுங்கள். அவர்களின் ஆயுதமே அந்தப் பட்டியல்தான்.

'ஸ்டாப் என்சிஐஐ' என்று ஒரு சேவை இருக்கிறது. அதில் வீடியோவை எங்கும் பதிவேற்ற வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை போன்ற குறியீடு உருவாகி, அந்தக் குறியீடு மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அதே வீடியோவை யாராவது அங்கே ஏற்றினால் அடையாளம் கண்டு தடுக்கப் பார்ப்பார்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கு இது. சிறுவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று தனியாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இது தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வீடியோவை அழித்துத் தருகிறோம், 10,000 ஆகும்" என்று விளம்பரம் செய்கிற ஆட்களிடம் மட்டும் போகாதீர்கள். அது இரண்டாவது குழி.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று நினைத்துப் பாதிப் பேர் தயங்குகிறார்கள். அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்க உரிமை தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதிக்கொள்ள நமக்கு இடம் கொடுக்கிறது. தமிழில் எழுதுங்கள், மலையாளச் சுருக்கம் ஒரு பக்கம் சேர்த்தால் அவர்களுக்கும் வேலை சுலபம், அதை நான் தட்டச்சு செய்து தருகிறேன்.

வண்டிப்பெரியாறு தோட்டத்துப் பெண்:

இதைப் படித்தபோது எனக்கும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு நிச்சயம் செய்திருந்தவரிடம், கல்யாணம் ஆகப்போகிறவர்தானே என்று நம்பிச் சில படங்களை நானே அனுப்பினேன். சம்பந்தம் முறிந்துவிட்டது. வேறு இடத்தில் பேசினால் அந்தப் படங்களை எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) முழுக்க அனுப்புவேன் என்று இப்போது சொல்கிறார், காசு கேட்கவில்லை. நானே அனுப்பியது என்பதால் சட்டம் என் பக்கம் இருக்காது என்று அவர் சொல்வது உண்மையா? இதெல்லாம் நடந்து ஆறு மாதம் ஆகிவிட்டது.

பாலக்காட்டு வக்கீல்:

உண்மை அல்ல, அம்மா. 77ஆம் பிரிவின் விளக்கமே உங்களைப் போன்றவர்களுக்காக எழுதியது: படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதை மூன்றாம் நபருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியவர் குற்றவாளியே. முதல் முறைக்கு ஓர் ஆண்டுக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும். மறுமுறை செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை. இன்னும் அனுப்பவில்லை, மிரட்டல் மட்டும்தான் என்றால் 351 இருக்கிறது. ஒரு பெண்ணின் கற்புக்குக் களங்கம் கற்பிப்பதாக மிரட்டினால் அதன் மூன்றாம் உட்பிரிவின்படி ஏழு ஆண்டு வரை போகலாம். பணம் கேட்கவில்லை என்பதால் 308 வராது. அதனால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்ந்து செய்தி அனுப்பினால் 78ஆம் பிரிவும் சேரும்.

77 முதல் 79 வரையிலான பிரிவுகளில் பாதிக்கப்பட்ட பெண் தரும் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள். விசாரணைக்காக உங்களைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது; நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவின்படி அவர்கள்தான் உங்கள் இருப்பிடத்துக்கு வர வேண்டும். லயத்துக்கு ஜீப் வருவது உங்களுக்குச் சங்கடம் என்றால் நீங்களே விரும்பிப் போகலாம். ஆறு மாதம் ஒரு தாமதமே அல்ல. ஓர் ஆண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களுக்கு மூன்று ஆண்டு காலவரம்பு. அதற்கு மேல் தண்டனை உள்ளவற்றுக்குக் காலவரம்பே இல்லை. வக்கீல் செலவைப் பற்றியும் யோசிக்காதீர்கள்: 1987ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் தருகிறது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இந்த இழையைப் படிக்கும் பெற்றோருக்கு இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். பாதிக்கப்பட்டது 18 வயது நிரம்பாத பிள்ளையாக இருந்தால் எல்லாமே மாறும். அது, சிறுவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வரும்; படத்தைச் சாட்சிக்காகக்கூட நகல் எடுக்காதீர்கள், உறவினருக்கோ வாட்ஸ்அப்பில் போலீஸ் நண்பருக்கோ அனுப்பாதீர்கள், போனை அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். இத்தகைய படங்களை வைத்திருப்பதே எப்போது குற்றமாகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கண்டிப்பாக விளக்கியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டில் போன வழக்கு அது.

கொழிஞ்சாம்பாறை தாய்மாமன்:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அன்று இரவே 1930க்கு அழைத்தோம். 5,000 ரூபாய் ஏதோ ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்திருக்கிறது. 3,000 போனது போனதுதான். மறுநாள் பாலக்காட்டுக்குப் போனோம். இரண்டு பக்கம் தமிழிலும், அக்ஷயா மையத்துத் தங்கச்சி தட்டச்சு செய்து தந்த ஒரு பக்கம் மலையாளத்திலும் கொடுத்தோம். பையனை எதையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னேன். எழுதும்போது இரண்டு தாளைக் கசக்கிப் போட்டான், மூன்றாவது தாளில் எழுதி முடித்தான். அதிகாரி படித்துவிட்டு, "எத்தனை ரூபாய், எந்த நேரம்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் குடைந்து கேட்கவில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகவே கொடுத்தார்கள். டில்லி போலீஸ் என்று பேசியவனின் எண்ணைப் பார்த்ததும், பக்கத்து மேசையில் இருந்தவர் "இந்தப் படத்தை இந்த மாதம் மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன்" என்று சிரித்தார்.

பிளாக் செய்த இரண்டாம் நாள் வீடியோவை இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவர் அவன் சித்தி. "என்னமோ கண்றாவி வந்தது, திறக்காமலே அழித்துவிட்டேன்" என்று போன் செய்து சொன்னாள்; அழித்திருக்க வேண்டாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். இன்னொருவன் அவன் கூடப் படிக்கும் பையன். அவன் அழிக்கவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. நேராக வீட்டுக்கு வந்து, வேண்டுமானால் சாட்சி சொல்ல வருகிறேன் என்றான்.

பையன் இன்று காலைப் பேருந்தில் கல்லூரிக்குப் போனான். போனைத் தடயத்துக்காக வாங்கி வைத்துக்கொண்டு மகஸரில் (கைப்பற்றியதற்கான பதிவுத் தாளில்) கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பதால், என்னுடைய பட்டன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். வக்கீல் ஐயா, அந்தப் போன் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, இன்னும் தவணை இருக்கிறது. வழக்கு முடிகிற வரைக்கும் கிடைக்காதா?

பாலக்காட்டு வக்கீல்:

அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. தடய ஆய்வுக் கூடத்தில் நகல் எடுத்து முடித்த பிறகு, நடைமுறைச் சட்டத்தின் 503ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலமாகத் திருப்பிக் கேட்டு மனுப் போடலாம்; விற்க மாட்டேன், அழிக்க மாட்டேன், கேட்கும்போது கொண்டு வருவேன் என்று பிணை எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் தருவார்கள். வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள், அதில் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) இருக்கிறதா என்றும் பாருங்கள். முடங்கியிருக்கும் 5,000 ரூபாயைத் திரும்பப் பெறவும் தனியாக ஒரு மனுத் தேவைப்படலாம். அதையும் அதே நாளில் போட்டுவிடலாம்.